லேசான கீறல்: தேய்க்கணுமா, விடணுமா?

செங்கோட்டைவாசி:
புளியரை எஸ் வளைவுல லாரிக்கு ஒதுங்கினப்போ புதர் உரசி, இடதுபக்கக் கதவு ரெண்டுலயும் மெல்லிசா கீறல். பின் பம்பர் மூலையில வெள்ளையடிச்ச குத்துக்கல் உரசின சிராய்ப்பு வேற. கறுப்பு வண்டி, வெயில்ல நின்னா கண்ணை உறுத்துது. ரப்பிங் காம்பவுண்டு (பெயிண்டைத் தேய்ச்சு மெருகேத்துற பசை) வாங்கித் தேய்க்கலாம்னு இருக்கேன். வீட்டுல டூத்பேஸ்டே போதும்ங்காங்க.

தென்மலைத் தமிழன்:
தாராளமா தேய்ங்க அண்ணாச்சி. கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்க. தட்டலைன்னா கலருக்கு மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு, அதான் கிளியர் கோட், அதோட நிக்குதுன்னு அர்த்தம். மண் போகக் கழுவி, நிழல்ல நிறுத்தி, மைக்ரோஃபைபர் துணியில காம்பவுண்டைக் கொஞ்சமா தொட்டு, கையகல இடமா தேய்ங்க. பம்பர்ல இருக்கறது பாதி கீறலே இல்ல, கல்லுல இருந்த பெயிண்ட் ஒட்டினது. சீக்கிரம் வந்துரும்.

தென்காசி பெயிண்டர்:
பம்பருக்குச் சரி. கதவுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெலிசு. காம்பவுண்டு கீறலை நிரப்புறதில்ல, சுத்தியிருக்கிற பூச்சைக் கீறல் ஆழத்துக்கு இறக்குது. வெயிலைத் தாங்குறதே அந்தப் பூச்சுதான். அது மெலிஞ்சா வெளுத்து உரியும், அப்புறம் கதவு முழுசுக்கும் பெயிண்ட் அடிக்கணும். இந்த ரோட்டுல புதர் உரசாம ஓட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் தேய்ப்பீங்களா? வாக்ஸ் போட்டு விடுங்க.

தென்மலைத் தமிழன்:
வாக்ஸ் மறைக்கும், எடுக்காது. நாலு மழையில கீறல் திரும்பத் தெரியும். கையால தேய்ச்சா போறது ரொம்பக் கொஞ்சம் அண்ணே. 2000 நம்பர் வாட்டர் பேப்பரும் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) பஃப்பிங் மெஷினும்தான் பூச்சைத் தின்னும். அதையும் இதையும் ஒண்ணாக்கிப் பயமுறுத்தாதீங்க.

தென்காசி பெயிண்டர்:
பயமுறுத்தலை தம்பி. கதவு விளிம்புலயும் பாடி லைன்லயும் பூச்சு இன்னும் மெலிசா இருக்கும், கையால அழுத்தித் தேய்ச்சாலே அடி கலர் வந்துரும். டூத்பேஸ்டைத் தொடவே வேண்டாம். அதுலயும் அரைக்கிற பொடிதான் இருக்கு, எவ்வளவு கரகரப்புன்னு டியூப்ல போட்டிருக்காது. கறுப்புல மங்கலா வட்டம் வட்டமா நிக்கும்.

ஆரியங்காவு டீச்சர்:
ரெண்டு பேரும் பளபளப்பையே பேசுறீங்க. நகம் தட்டுற கீறல் ஒண்ணாவது இருக்கான்னு முதல்ல பாருங்க. தகரம் வரைக்கும் போயிருந்தா இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குள்ள டச்-அப் பண்ணிரணும், அதாவது கீறல்ல மட்டும் அதே கலர் பெயிண்ட் தொட்டு வைக்கணும், இங்க ஈரத்துல துரு சட்டுனு ஏறும். பம்பர் பிளாஸ்டிக், அதுக்கு அவசரமில்ல. அந்தப் பெயிண்டோட கலர் நம்பர் வண்டி ஸ்டிக்கர்லயே இருக்கும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடச் சொன்னா போடாதீங்க சார். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், அஞ்சு வருஷமானா 50 சதவீதம் ஓன் டேமேஜ் (நம்ம வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்துல கழியும். மெல்லிசுக் கீறலுக்காக அதை விடலாமா?

செங்கோட்டைவாசி:
டீச்சர் சொன்னபடி பார்த்தேன். பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழ ஒண்ணு தட்டுது, ஆனா உள்ள கறுப்பாத்தான் இருக்கு, தகரம் தெரியலை. அதுக்கு டச்-அப். பம்பரை இன்னைக்கே தேய்க்கேன். கதவுல கீழ் மூலையில மட்டும் காம்பவுண்டு போட்டுப் பார்க்கேன்.

தென்காசி பெயிண்டர்:
மூலையில போடுறதுக்கு முன்னாடி விளிம்புல மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க. முன்கதவை விட்டுருங்கன்னுதான் இப்பவும் சொல்லுவேன்.

தென்மலைத் தமிழன்:
டேப் சரி. மூலையில கீறல் போச்சுன்னா முன்கதவையும் தேய்ங்க அண்ணாச்சி. கறுப்பு வண்டியை அப்படியே விட மனசு வராது.