அட்டாலி ஆல்பங்களைப் பொதுவில் போடலாமா?

நொய்யல்தம்பி:
போன வாரம் ஈரோட்டில் ஒரு பழைய பேப்பர் கடையில் நின்றிருந்தேன். யாரோ வீட்டைக் காலி செய்தவர்கள் போட்டுவிட்டுப் போன மூட்டையில், நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு அட்டை ஆல்பம். கடைக்காரர் அதையும் தராசில் வைத்தார். ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிரித்தால் கல்யாணம், காதுகுத்து, புது டிராக்டருக்கு மாலை, பவானிசாகர் பூங்காவில் வரிசையாக நிற்கும் ஒரு குடும்பம். ஒருவர் பெயரும் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். ஹங்கேரியில் ஃபோர்டெபான் என்று ஒரு தளம் இருக்கிறது. புடாபெஸ்ட் தெருக்களில் வேண்டாமென்று வீசிய படங்களைப் பள்ளித் தோழர்கள் இருவர் பல வருடம் பொறுக்கிச் சேர்த்து, 2010இல் சுமார் 5,000 படங்களோடு தொடங்கியது. அப்புறம் சனங்களே தங்கள் வீட்டுப் படங்களைக் கொண்டுவந்து கொடுக்க, இன்றைக்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தளத்தின் பெயரையும் கொடுத்தவர் பெயரையும் போட்டால் போதும். கொங்குக்கு இப்படி ஒன்று ஏன் கூடாது? 1932இல் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்தது, கோயமுத்தூரில் மில்கள் பெருகின என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், ஷிப்ட் முடிந்து வெளியே வந்த ஆளின் முகம் எங்கே? 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணைக்குள் போன டணாயக்கன்கோட்டை, தண்ணீர் வற்றுகிற வருடம் தலைகாட்டினால் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே ஆள் குடியிருந்த காலத்துப் படம் சத்தியமங்கலம் பக்கம் யார் வீட்டு அட்டாலியிலாவது, அதாவது பரணிலாவது, இருக்காதா?

1990க்கு முந்தைய படம் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது.

கோபிக்காரி:
ஸ்கேனர் இருக்கிறது சரி, சம்மதம் இருக்கிறதா தம்பி?

எங்கள் அம்மா கல்லூரியில் படித்தபோது ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று. சித்தி மகன் ஆசையாக முகநூலில் போட்டான். ஆறே மாதத்தில் ஒரு நகைக்கடையின் தீபாவளி பேனரில் அம்மா நின்றார், கழுத்தில் போடாத நெக்லஸோடு. போன் செய்து சண்டை போட்டு எடுக்க வைத்தோம். அம்மா ஒரு மாதம் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. நீங்கள் சொல்லும் உரிமத்தில் அந்தப் படம் கிடந்திருந்தால், ஓரத்தில் பேர் போட்டாயிற்றே என்று அந்தக் கடைக்காரர் எங்களையே திருப்பிக் கேட்டிருப்பார். இல்லையா?

நொய்யல்தம்பி:
அக்கா, அது திருட்டு. நான் சொல்வது விருப்பப்பட்டுக் கொடுப்பவர்களின் படம்.

கரூர் வக்கீல்:
அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்களே. 2007இல் வர்ஜின் மொபைல் என்ற செல்போன் கம்பெனி ஆஸ்திரேலியாவில் ஒரு விளம்பரம் போட்டது. அதில் இருந்த பெண் டெக்சாஸில் பள்ளிக்கூடம் படிக்கும் சிறுமி. தெரிந்தவர் எடுத்து, படம் பகிரும் தளமான ஃபிளிக்கரில், பேர் போட்டால் போதும் என்ற உரிமத்தில் வைத்திருந்த படம், பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டது. குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. விஷயம் என்னவென்றால், கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிற இந்த மாதிரிப் பொது உரிமம், படம் எடுத்தவரின் காப்புரிமையைப் பற்றித்தான் பேசும். படத்தில் நிற்பவர் சரி என்றாரா என்பது அதில் வராது. கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. நீங்கள் உங்கள் தளத்திலிருந்து எடுக்கலாம், இறக்கி வைத்தவன் கையில் இருப்பது இருந்ததுதான்.

இன்னொன்று. ஃபிளிக்கரில் இதே மாதிரி உரிமத்தில் கிடந்த ஏறக்குறைய 10 லட்சம் படங்களை ஐபிஎம் முகமறியும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது 2019இல் வெளியே வந்தது. நம் அப்பாருகளுக்கு அதனால் என்ன என்று கேட்காதீர்கள். பேரனுக்கும் அதே மூக்குதான்.

ஸ்டுடியோ மாமா:
நான் கொஞ்சம் சொல்லலாங்களா. முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தி, இப்போது ஷட்டரை இறக்கியாகிவிட்டது. நெகடிவ் மட்டும் நாலு டிரங்குப் பெட்டி இருக்கிறது.

சண்டை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் படம் உங்களுக்காகக் காத்திருக்காது. கறுப்பு வெள்ளை பரவாயில்லை, ஒழுங்காகக் கழுவிய பிரிண்ட் நம்மைவிட அதிக நாள் இருக்கும். 70, 80களில் எடுத்த கலர்தான் மோசம். இருட்டில் பூட்டி வைத்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும், கல்யாணக் கூட்டமே செக்கச்செவேல் என்று நிற்கும். பசை தடவிய தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடுகிற ஆல்பம் வந்தது பாருங்கள், அதை நாங்களே விற்றோம், அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவ. அதிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். தாளோடு வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள். தனியாக இருக்கும் படமென்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். பாதிப் பேருக்கு அது தோன்றுவதே இல்லை. தேதி, ஊர், ஸ்டுடியோ முத்திரை எல்லாம் அங்கேதான்.

தம்பி ஹங்கேரி வரைக்கும் போய்விட்டார். பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியில், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டல் செய்திருக்கிறது. அதில் நம் பக்கமும் இன்னும் நிறையச் சேரலாம் என்பதுதான் என் ஆசை.

கரூர் வக்கீல்:
மாமா, அந்த நாலு பெட்டியும் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? 1957 காப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவைப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நெகடிவ் உங்களுடையது, படத்தின் உரிமை கல்யாண வீட்டுக்காரருடையது. முன்பெல்லாம் வெளியிட்டதிலிருந்து 60 வருடம் என்று இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுள் முழுக்க, அதற்கு மேலும் 60 வருடம்.

ஸ்டுடியோ மாமா:
பாக்கி வைத்துவிட்டு பிரிண்ட் வாங்கவே வராத கல்யாண வீட்டுக்காரர்கள் இருபது பேர் இருக்கிறார்கள் வக்கீல் சார், அவர்களும் உரிமையாளர்தானா?

கோபிக்காரி:
😄 மாமா கேட்டது நியாயம்.

சரி, சிரித்தாயிற்று. தம்பி, எழவு வீட்டுப் படங்களை என்ன செய்வீர்கள்? நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டுச் சுற்றிலும் பேரன் பேத்தி நிற்க எடுத்தது எங்கள் வீட்டிலேயே மூன்று இருக்கிறது. அப்புறம் படத்துக்குக் கீழே ஊர், கூட்டம் (குலம்), யார் மகள் யாருக்குக் கட்டியது என்று எழுதிவிட்டால், தரகருக்கு வேலை மிச்சம். இந்த ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று வேவு பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நொய்யல்தம்பி:
கூட்டம் பெயர் எழுத வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். எழவுப் படமும் வேண்டாம். வியாபாரத்துக்கு எடுக்கக்கூடாது என்ற உரிமம் போட்டுவிட்டால்?

கரூர் வக்கீல்:
போடலாம். ஆனால் விக்கிப்பீடியாவுக்குப் படம் சேர்க்கிற பொதுத் தளமான விக்கிமீடியா காமன்ஸ் அதை ஏற்காது. தனித் தளம்தான் நடத்த வேண்டும். நீங்கள் சலித்துப்போய் வாடகை கட்டாத மாதம் அதுவும் போய்விடும். நான் பயமுறுத்தவில்லை, இதுதான் நடக்கிறது.

கீழ்க்காட்டுப் பெண்:
காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் "எங்கள் வீட்டு ஆல்பம்", "எங்கள் வீட்டு ஆல்பம்" என்றே பேசுகிறீர்கள்.

எங்கள் வீட்டில் ஆல்பமே கிடையாது. எங்கள் அப்பாரு வெள்ளகோவில் பக்கம் ஒரு பண்ணையத்தில் இருந்தவர். அவருக்கு ஒரு படம்கூட இல்லை, ரேஷன் கார்டில் இருந்த தபால்தலை அளவுப் படமும் கரையானுக்குப் போய்விட்டது. ஆனால் அவர் படமே எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். பண்ணையத்தில் கார் வந்தபோது, கிணறு வெட்டியபோது, சந்தைக்கு மாடு போனபோது எல்லாம் போட்டோ எடுத்தார்கள், நானும் நின்றேன் என்று அப்பாரே சொல்லியிருக்கிறார். ஓரத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தப் படங்கள் உங்களில் யார் வீட்டு அட்டாலியிலோ இருக்கின்றன. கோபி அக்கா சொல்வதுபோல் எல்லோரும் பூட்டி வைத்தால் எங்கள் அப்பாரை நான் எந்தக் காலத்திலும் பார்க்கப்போவதில்லை. தம்பி சொல்வதுபோல் திறந்து போட்டால், "பண்ணையாட்கள்" என்று ஒரு வரி எழுதி உலகத்துக்கே காட்டுவீர்கள். படத்துக்குச் சொந்தக்காரர் சம்மதம் என்று வக்கீல் சார் சொல்கிறாரே, காசு கொடுத்தவர் பண்ணையக்காரர். நின்றவரிடம் யார் கேட்டது?

கோபிக்காரி:
நான் இதை யோசிக்கவே இல்லை கண்ணு. எங்கள் அப்புச்சி வீட்டுப் படங்களில் ஓரத்தில் நிற்பவர்களை நாங்கள் எண்ணியதுகூட இல்லை. ஆனாலும் பொதுவில் போடுவதற்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டுடியோ மாமா:
பிரிண்டைக் கத்தரிக்கச் சொல்வார்கள். ஓரத்தில் ஆள் வந்துவிட்டது, வெட்டிக் கொடு என்று. நெகடிவில் இருப்பார்கள்.

நொய்யல்தம்பி:
கீழ்க்காட்டு அக்கா, நேற்று ராத்திரி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு ஆல்பத்தையே எடுத்தேன், கடையில் வாங்கியதை அல்ல. கண்ணபுரம் தேர்ச்சந்தையில் எடுத்த படம் ஒன்று. மயிலைக் காளை, பக்கத்தில் எங்கள் அப்பாரு, காளைக்கு அந்தப் பக்கம் கயிற்றோடு ஒருவர், பாதி முகம்தான் தெரிகிறது. மாமா சொன்னபடி பின்பக்கம் திருப்பினேன். காளை என்ன விலைக்குப் போனது என்று எழுதியிருக்கிறது. ஆள் பெயர் இல்லை. ஆத்தாவிடம் கேட்டால், அந்தக் காளைக்கு எந்த இடத்தில் சுழி இருந்தது என்பது வரைக்கும் சொல்கிறார், அந்த ஆள் யார் என்றால் "நம்ம காட்டிலதான் இருந்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எங்களுக்கும் வெள்ளகோவில் பக்கம்தான்.

இங்கே போடட்டுமா?

கீழ்க்காட்டுப் பெண்:
இங்கே வேண்டாம். எனக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். பெரியப்பாவுக்கு இடது கண் கொஞ்சம் தெரிகிறது, காட்டிப் பார்க்கிறேன். எங்கள் அப்பாருவாக இல்லாவிட்டாலும் யாரென்று அவர் சொல்லிவிடுவார். அப்புறம் அந்த வீட்டைத் தேடிப் பிடித்து அவர்களிடம் கேளுங்கள், போடுவதா வேண்டாமா என்று.