மேற்கிந்தியத் தீவுகளின் பாய்மரப் போட்டிகள்: பிழைத்தது படகா, தொழிலா?

கேள்வி: அலைவாய்

வணக்கம். மேற்கிந்தியத் தீவுகளில் ஊர் மக்களே நடத்தும் பாய்மரப் படகுப் போட்டிகளைப் பற்றிச் சில காலமாகப் படித்துவருகிறேன். செல்வந்தர்களின் உல்லாசப் படகுகள் கூடும் விழாக்களை நான் கேட்கவில்லை. மீனவரும் தச்சரும் சரக்குப் படகோட்டிகளும் தம் ஊரில் கட்டிய மரப்படகுகளோடு வந்து மோதும் போட்டிகளையே கேட்கிறேன். பஹாமாஸின் எக்சூமாவில் நடப்பதும், கிரெனடாவுக்கு உட்பட்ட கேரியக்கூத் தீவில் நடப்பதும் இவ்வகையில் அதிகம் பேசப்படுகின்றன. இரண்டையும் பழமையான மரபு என்றே சுற்றுலா விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் முதலாவது 1954இலும் இரண்டாவது 1965இலும்தான் தொடங்கியிருக்கின்றன. அப்படியானால் இவற்றை எந்தப் பொருளில் மரபு என்பது? போட்டியால் படகு கட்டும் தொழில் உண்மையாகவே பிழைத்ததா, அல்லது வேடிக்கை பார்ப்பதற்கான காட்சி மட்டும் மிஞ்சியதா? படகின் அமைப்பையும் விதிமுறைகளையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1: கொண்டல்

எக்சூமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். போட்டி புதியது, படகு பழையது என்று பிரித்துக்கொண்டால் உங்கள் முதல் ஐயம் பாதி தீர்ந்துவிடும். பஹாமாஸ் தீவுகளில் மீன் பிடிக்கவும், விளைபொருளைத் தலைநகர் நாசோவுக்குக் கொண்டுசெல்லவும், தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றிச்செல்லவும் பல தலைமுறைகளாகப் பாய்மரப் படகுகளே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இயந்திரப் படகுகள் பெருகியதால் பாய்மரப் படகுகள் கரையில் ஒதுங்கத் தொடங்கின. அந்தப் படகுகள் முற்றிலும் மறைவதற்குள் அவற்றை ஒருமுறையாவது ஓரிடத்தில் கூட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று பஹாமாஸையும் அமெரிக்காவையும் சேர்ந்த படகு ஆர்வலர்கள் சிலர் எண்ணியதன் விளைவுதான் 1954 போட்டி. ஜார்ஜ் டவுன் ஊரை ஒட்டிய எலிசபெத் துறைமுகத்தில் ஏறத்தாழ 70 படகுகள் கூடின. அவற்றில் பெரும்பாலானவை பிழைப்புக்காக ஓடிக்கொண்டிருந்த படகுகளே.

இதன் உயிர்நாடி விதிமுறையில் இருக்கிறது. படகை வடிவமைத்தவர், கட்டியவர், உரிமையாளர், ஓட்டுபவர் ஆகிய அனைவரும் பஹாமாஸ்காரர்களாக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. வெளிநாட்டில் விலைகொடுத்து வாங்கிய வேகமான படகோடு யாரும் வந்து நிற்க முடியாது என்பதால், வெற்றி பெற நினைப்பவர் உள்ளூர்த் தச்சரிடம்தான் போயாக வேண்டும். பரிசுப் பணத்தைக் காட்டிலும் இந்த ஒரு நிபந்தனைதான் பஹாமாஸின் லாங் தீவு போன்ற இடங்களின் படகுப் பட்டறைகளுக்கு வேலை கொடுத்தது என்பது என் கருத்து.

போட்டி தொடங்கும் முறையும் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காதது. படகுகள் எல்லாம் பாயை இறக்கிவிட்டு நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும். துப்பாக்கி வெடித்ததும் ஒரு பகுதியினர் நங்கூரக் கயிற்றை இழுத்துப் படகை முன்னே செலுத்த, மற்றவர்கள் பாயை ஏற்றுவார்கள். வலிமை மிக்க மாலுமிகள் உள்ள படகு முதல் சில நொடிகளிலேயே முந்திவிடும். 'ஏ' பிரிவுப் படகின் உடல் நீளம் 28 அடிதான். அதன் பாய்மரமோ ஏறத்தாழ 60 அடி உயர்ந்து நிற்கும். பாயின் அடியில் உள்ள பருமல் என்ற கிடைமரம், அமரத்தை, அதாவது படகின் பின்முனையைத் தாண்டிப் பின்னால் வெகுதூரம் நீண்டிருக்கும். இவ்வளவு பெரிய பாயைத் தாங்கும் எடை படகில் இல்லாததால், காற்று வரும் பக்கமாக நீண்ட பலகையை வெளியே தள்ளி, அதன்மேல் மாலுமிகள் வரிசையாக அமர்ந்து தங்கள் உடல் எடையால் படகைச் சாயாமல் பிடிக்கிறார்கள். தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பலகை புதிதாகத் தோன்றாது. திசை மாறும்போது அனைவரும் உள்ளே இறங்கி, பலகையை மறுபக்கம் தள்ளி, மீண்டும் ஏற வேண்டும். அதில் சற்றே தாமதித்தாலும் படகு நீர் மொண்டு மூழ்கிவிடும். மூழ்கியதை மேலே தூக்கி, நீரை இறைத்து, அடுத்த பந்தயத்திற்குக் கொண்டுவருவதும் அங்கே வழக்கம்தான்.

ஸ்டேனியல் கே என்ற சிறு தீவைச் சேர்ந்த படகோட்டி ரோலி கிரேயும் அவருடைய 'டைடா வேவ்' படகும் இந்தப் போட்டியால் நாடறிந்த பெயர்களாயின. 2018இல் இந்தப் படகோட்டமே பஹாமாஸின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது.

மறுமொழி 2: நெய்தல்வாசி

கொண்டல் அவர்கள் விதிமுறையை உயிர்நாடி என்கிறார். கேரியக்கூவைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே மரபு போட்டி நாளில் இல்லை. படகைக் கடலில் இறக்கும் நாளில்தான் இருக்கிறது.

கேரியக்கூ 34 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள சிறு தீவு. அதன் வடகிழக்கில் உள்ள விண்ட்வர்டு என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து தங்கிய ஸ்காட்லாந்துக் கப்பல் தச்சர்களின் வழிவந்தவர்கள் இன்றும் கடற்கரை மணலில் படகு கட்டுகிறார்கள். வரைபடம் கிடையாது. 'ஒயிட் சிடார்' என்று அங்கே அழைக்கப்படும் மரத்தின் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைக் காட்டில் தேடி வெட்டிவந்து, வங்குகளாக, அதாவது படகின் விலா எலும்பு போன்ற சட்டங்களாகப் பொருத்தி, கண் அளவாலேயே வடிவத்தைச் சரிபார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் ஊரே கூடுகிறது. ஆடு வெட்டி அதன் இரத்தத்தைப் படகின்மேல் தெளிப்பார்கள், ரம் ஊற்றுவார்கள், பாதிரியார் வந்து ஆசீர்வதிப்பார். அதன்பின் படகைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கோடரியால் வெட்டிக்கொண்டே வர, படகு மெல்லச் சாய்ந்து உருளைக் கட்டைகள் மீது படுக்கும். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே வடம் பிடித்துக் கடலுக்குள் இழுப்பார்கள். கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை அல்ல அது.

இப்படிக் கட்டிய படகுகள் தீவுகளுக்கிடையே சரக்கு ஏற்றின. அந்தச் சரக்கில் சுங்கத்திற்குத் தெரியாமல் வந்த ரம்மும் உண்டு என்பதை அவ்வூரார் மறைப்பதில்லை. வேகமான படகு வேண்டும் என்ற ஆசைக்கு அதுவும் ஒரு காரணம் போலும். 1965இல் அங்கே போட்டியைத் தொடங்கியவர் ஜமைக்காவில் பிறந்த லின்டன் ரிக். எக்சூமாப் போட்டியின் தொடக்கத்திலும் பங்கு வகித்தவர் இவரே என்பதால், நீங்கள் குறிப்பிட்ட இரண்டு விழாக்களும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை எனலாம். ஆகஸ்ட் மாத முதல் திங்கட்கிழமையை ஒட்டி ஹில்ஸ்பரோ துறையில் படகுகள் ஓடுகின்றன. கரையில் வழுக்குமரம் ஏறுவதும் கழுதைப் பந்தயமும் தனியே நடக்கும். கேரியக்கூவும் அதன் அண்டைத் தீவான பெட்டிட் மார்டினிக்கும் காத்துவரும் மரப்படகுக் கட்டுமானத்தை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அலைவாய்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. இன்று இப்படகுகளில் யாராவது மீன் பிடிக்கிறார்களா, சரக்கு ஏற்றுகிறார்களா?

மறுமொழி 3: பருமல்

எக்சூமாவில் பந்தயத்திற்கு வரும் பெரிய படகுகளைப் பொறுத்தவரை, இல்லை என்பதே நேர்மையான விடை. போட்டி தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, வெல்வதற்கென்றே தனியாகப் படகு கட்டுவது பெருகிவிட்டது. மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியும் சரக்கறையும் பந்தயத்திற்குச் சுமை என்பதால் நீங்கின. பாய் மேலும் மேலும் பெரிதாயிற்று. இப்போது அவை ஒரு தீவின் போட்டியிலிருந்து இன்னொரு தீவின் போட்டிக்குத் தபால் கப்பலின் தளத்தில் ஏறிப் பயணம் செய்கின்றன. பாய்மரத்தின் காலத்தை முடித்துவைத்த இயந்திரமே இன்று பாய்மரப் படகைச் சுமந்துசெல்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அங்குவிலாத் தீவையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வூர் ஆண்கள் டொமினிக்கன் குடியரசின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று, அறுவடை முடிந்து பாய்க்கப்பல்களில் வீடு திரும்பும்போது யார் முதலில் கரை சேர்வது என்று போட்டியிட்டதாகச் சொல்வார்கள். மேல்தளம் இல்லாத அவர்களுடைய இன்றைய பந்தயப் படகுகளுக்கும் பந்தயத்தைத் தவிர வேறு வேலை கிடையாது. ஆயினும் படகோட்டம் அங்கே தேசிய விளையாட்டு. இன்ன ஊர்ப் படகு என்ற பற்றுதான் அதை ஓட்டுகிறது. ஆகவே தொழிற்படகு பிழைத்ததா என்றால் பெரும்பாலும் இல்லை. படகு கட்டத் தெரிந்த கைகளும் ஓட்டத் தெரிந்த கைகளும் பிழைத்தன.

நெய்தல்வாசி

பருமல் அவர்கள் சொல்வதை எக்சூமாவுக்கும் அங்குவிலாவுக்கும் ஒப்புக்கொள்கிறேன். கேரியக்கூவில் நிலைமை சற்று வேறு; அங்கே போட்டியில் ஓடும் சிறிய திறந்த படகுகளுக்கும் மீன்பிடி படகுகளுக்கும் உள்ள உறவு இன்னும் முழுதாக அறுந்துவிடவில்லை. ஆனால் 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் நான்காம் வகைப் பெரும்புயலாக அத்தீவின்மீதே கரையேறி, பெரும்பாலான வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. படகுகளும் மரங்களும் தப்பவில்லை. வங்குக்கு ஏற்ற வளைந்த கிளைகள் மீண்டும் வளர ஆண்டுகள் பிடிக்கும். அலைவாய் அவர்கள் இதைத் தொடர்ந்து படிப்பதாக இருந்தால், போட்டி முடிவுகளைவிட விண்ட்வர்டு கடற்கரையில் அடுத்த படகின் அடிமரமான ஏராக்கட்டை எப்போது வைக்கப்படுகிறது என்பதைக் கவனிப்பது பயனுள்ளதாக இருக்கும்.