சிரிக்கலாமா என்று கேட்ட மாணவிக்கு என்ன சொல்வது?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். அடுத்த வாரம் கல்லூரி மாணவர்களுக்குச் சார்லி சாப்ளின் ஹிட்லரைக் கேலி செய்து எடுத்த 'தி கிரேட் டிக்டேட்டர்' (1940) படத்தைத் திரையிடுகிறேன். சர்வாதிகாரி உலக உருண்டைப் பலூனைத் தட்டித் தட்டி விளையாடுவான். கடைசியில் அது அவன் முகத்துக்கு நேரே வெடிக்கும். அந்தக் காட்சியை மட்டும் முன்கூட்டிக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி மட்டும், "அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது தெரிந்தும் சிரிக்கலாமா?" என்றாள். வாயடைத்துப்போனேன்.

நாஜி வதைமுகாம்களின் கொடூரம் அன்றே தெரிந்திருந்தால் இப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று சாப்ளினே தம் தன்வரலாற்றில் (1964) எழுதியிருக்கிறார். இதைப் படத்துக்கு முன்பே சொல்வதா, பிறகா? முன்பே சொன்னால் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். மறைக்கவும் மனம் ஒப்பவில்லை. இத்தகைய படங்களைத் திரையிட்டவர்கள் எப்படி அறிமுகம் செய்தீர்கள்? விரிவாக எழுதுங்கள், அந்த மாணவிக்கு நேர்மையான பதில் தர வேண்டும்.