வாலிபால்: கணுக்கால் பிரேஸ் போட்டா எம்பவே முடியல, கழட்டிடலாமா?

காவேரிப்பட்டணம் ஸ்மாஷ்:
அண்ணன்களே ஒரு டவுட்டு. ஸ்பைக் அடிச்சிட்டு எறங்கறப்ப எதிர் டீம் பிளாக்கர் கால மிதிச்சு எடது பாதம் உள்பக்கமா மடங்கிருச்சு, எக்ஸ்ரே பாத்துட்டு எலும்பு ஒண்ணும் ஆகல ஜவ்வுதான்னாங்க. இப்ப வீக்கம் வலி எதுவும் இல்ல, ஷூ மாதிரி லேஸ் வெச்சு கணுக்கால இறுக்கி கட்டற பிரேஸ் போட்டு ஆடறேன். ஆனா ஓடி வந்து எம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் தாழணும்ல, அங்க கணுக்கால் மடங்க மாட்டேங்குது, குதிகால் தூக்கிக்குது, ஜம்ப் கம்மி, எறங்கறதும் தொம்முனு எறங்கறேன். சீனியர் ஒருத்தர் அத போட்டுட்டே இருந்தா நரம்பு செத்துரும் கழட்டி வீசுறான்றாரு. பொங்கலுக்கு டோர்னமெண்ட் வேற இருக்கு.

பாலக்கோடு தக்காளி:
கழட்டிறாத தம்பி, ஒரு தடவ மடங்குன கால் திரும்ப மடங்கத்தான் பாக்கும். பிரேஸ் புடிக்கலன்னா அதுக்கு பதிலா கணுக்கால்ல ஒட்டற டேப் சுத்திக்கோ, வெயிட்டே இருக்காது.

அரூர் பிசியோ:
டேப் நல்லதுதான், ஆனா ஆட ஆரம்பிச்சு அரை மணி நேரத்துலயே தளர ஆரம்பிச்சிரும், தினமும் காசு வேற. தம்பி, பிரேஸ் தடுக்க வேண்டியது பாதம் பக்கவாட்டுல சாயறத. லேஸ் டைப் பாதத்த மொத்தமா சுத்திக் கட்டறதால மேல கீழ அசைவையும் கொஞ்சம் புடிச்சிக்கும். கணுக்காலுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் பட்டையும் கீலும் வெச்ச மாடல்ல அந்த மடிப்பு ஓரளவு ஃப்ரீயா இருக்கும். கணுக்கால் மடங்கலன்னா எறங்கற அடிய முழங்காலும் இடுப்பும்தான் வாங்கும், தொம்முனு எறங்கறது அதனாலதான். அதுக்காக முட்டி போயிரும்னு பயப்படாதீங்க, 2011ல வந்த ஒரு ஆராய்ச்சில அமெரிக்க ஹைஸ்கூல் பாஸ்கெட்பால் பசங்களுக்கு லேஸ் பிரேஸ் குடுத்து பாத்தாங்க, கணுக்கால் அடி நல்லாவே கொறஞ்சுது, முட்டி அடி கூடல. நரம்பு சாகறதெல்லாம் டீக்கடை வைத்தியம்.

மொதல்ல பிரேஸ்தான் காரணமான்னு பாருங்க. சுவரப் பாத்து நின்னு குதிகால தூக்காம முட்டிய சுவத்துல தொடணும், பெருவிரல் சுவத்துலருந்து எவ்ளோ தூரம் தள்ளி போக முடியுதுன்னு அளங்க. ரெண்டு காலுக்கும், பிரேஸோடயும் இல்லாமயும்.

காவேரிப்பட்டணம் ஸ்மாஷ்:
அளந்தேன்ணா. நல்ல கால் 11 செ.மீ. அடிபட்ட கால் பிரேஸ் இல்லாமயே 7தான் வருது, பிரேஸோட 6. அப்ப பிரேஸ் தின்னது 1 செ.மீ தானா??

அரூர் பிசியோ:
ஆமா, மீதி சுளுக்குக்கு அப்பறம் மூட்டு இறுகிப்போனது. வலி போனதும் எக்சர்சைஸ் பண்ணாம நேரா கிரவுண்டுக்கு வந்துடறாங்க எல்லாரும், அதான் எனக்கு கடுப்பே. இதே சுவர் டெஸ்டையே தினமும் மெதுவா முன்ன பின்ன பண்ணுங்க, கெண்டைக்கால் ஸ்ட்ரெச், ஒத்தக்கால்ல நிக்கறது, எல்லாம் வீட்ல பிரேஸ் இல்லாம. மேட்ச்சுக்கு பிரேஸ் கண்டிப்பா. லேஸ் கட்டறப்ப குதிகால பின்னாடி நல்லா தள்ளி, பாதத்த நேரா வெச்சு கட்டுங்க, பக்கத்து பட்டை டைட்டா, மேல் ரெண்டு ஓட்டை மட்டும் கொஞ்சம் லூசா. மடக்கறப்ப கணுக்கால் முன்னாடி சுருக்குனு குத்துச்சுன்னா நிறுத்திட்டு தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயோ பக்கத்துலயோ காட்டிருங்க.

காவேரிப்பட்டணம் ஸ்மாஷ்:
சரிங்ணா. இன்னொன்னு, பிரேஸோட ஷூ ரொம்ப டைட்டா இருக்கு, பெரிய சைஸ் வாங்கணுமா?

பாலக்கோடு தக்காளி:
மொதல்ல உள்ள இருக்க இன்சோல கழட்டிட்டு மெல்லிசா ஒண்ணு போட்டு பாரு, பெரிய ஷூல கால் உள்ள ஆடுச்சுன்னா பிரேஸ் போட்டும் பிரயோஜனம் இல்ல.