யூனிட் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 17-ஆம் கேள்விக்கு மைனஸ் 0.31. எங்கே தவறு?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் தாலுகாவில் ஒரு ஹைஸ்கூலில் தமிழ் மீடியம் ஒன்பதாம் வகுப்புக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன். போன வாரம் ஈர்ப்பு விசைப் பாடத்தில் 30 கேள்விகள் கொண்ட டெஸ்ட் வைத்தோம். கேள்விக்கு நான்கு விடைகள், ஒரு மார்க், தவறுக்குக் கழிவு கிடையாது. தமிழ் டிவிஷன் இரண்டும் சேர்த்து 48 பேர் எழுதினார்கள். ஓ.எம்.ஆர். தாள்களை போனிலேயே ஒரு ஆப்பில் ஸ்கேன் செய்தேன். மார்க்கோடு சேர்த்து நான்கு பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட்டும் வந்திருக்கிறது.

அதில் இருப்பது: சராசரி 18.6, திட்ட விலக்கம் 4.6, கே.ஆர்.20 என்று மஞ்சளில் ஒரு எண் 0.73, அளவீட்டுத் திட்டப் பிழை 2.4. அதற்குக் கீழே கேள்வி வாரியாக ஒரு பட்டியல். மூன்று கேள்விகளைச் சிவப்பில் காட்டுகிறது.

கேள்வி 3: கடினத்தன்மை 0.96, பாகுபாடு 0.08
கேள்வி 17: கடினத்தன்மை 0.21, பாகுபாடு -0.31
கேள்வி 26: கடினத்தன்மை 0.31, பாகுபாடு 0.46

பி.எட். படித்தபோது இதெல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. இப்போது கையில் நிஜமான எண்கள் இருக்கும்போது ஒன்றும் பிடிபடவில்லை. 0.96 என்றால் ரொம்பக் கடினம் என்றா அர்த்தம்? மூன்றாம் கேள்வியை 46 பேர் சரியாகப் போட்டிருக்கிறார்களே. 17-இல் மைனஸ் எப்படி வரும்? வெள்ளிக்கிழமை கிளாஸ் பி.டி.ஏ. (பெற்றோர் கூட்டம்) இருக்கிறது. 15-க்குக் கீழே வாங்கியவர்களை மாலை வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், பட்டியலை அன்றே தர வேண்டும். சிவப்பில் இருக்கிற மூன்றையும் நீக்கிவிட்டு 27 மார்க்குக்குக் கணக்கிட வேண்டும் என்று ஸ்கூலில் சொல்கிறார்கள். அது சரியா?

வாளையார்க்காரன்:

டீச்சர், நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே நூற்றுக்கு 25 பேர் சரியாகப் போடுவார்கள். 17-இல் வந்திருப்பது 21. பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி சுத்தமாகப் புரியவில்லை, குத்துமதிப்பாகக் கறுத்திருக்கிறார்கள். இன்னொரு பீரியட் எடுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

மறையூர் மாஷ்:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'கடினத்தன்மை' என்று பெயர் வைத்திருந்தாலும் அந்த எண் சரியாகப் போட்டவர்களின் பங்குதான். 48-இல் 46 பேர் என்றால் 0.96. எண் கூடக் கூடக் கேள்வி எளிது. இந்தப் பெயரை வைத்தவர்கள் தலைகீழாக வைத்துவிட்டார்கள், எல்லோரும் ஒரு தடவை இங்கே தடுக்கி விழுவார்கள்.

பாகுபாடு என்பது வேறு. மொத்த மார்க்கில் மேலே இருக்கிற 27 சதவீதம் பேரையும் கீழே இருக்கிற 27 சதவீதம் பேரையும் தனியாகப் பிரிக்கிறது. 48 பேரில் அது 13, 13. மேல் வரிசையில் எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள், கீழ் வரிசையில் எத்தனை பேர் என்று பார்த்து, வித்தியாசத்தை 13-ஆல் வகுக்கிறது. 27 என்ற கணக்கு ட்ரூமன் கெல்லி 1939-இல் சொன்னது. இரண்டு கூட்டமும் நன்றாக விலகி இருக்க வேண்டும், ஆனால் ஆளும் குறையக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் பொருந்திய இடம் அது.

அப்படிப் பார்த்தால் மூன்றாம் கேள்வியில் மேலே 13 பேரும் சரி, கீழே 12 பேரும் சரி. ஒன்றை 13-ஆல் வகுத்தால் 0.08. எல்லோருக்கும் தெரிந்த கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. தொடக்கத்தில் பிள்ளைகளின் பயம் போகட்டும் என்று வைத்த கேள்வி என்றால் அது இருக்கட்டும். 26 உங்கள் டெஸ்டிலேயே நல்ல கேள்விகளில் ஒன்று. 15 பேர்தான் போட்டார்கள், ஆனால் போட்டவர்கள் பாடம் தெரிந்தவர்கள். கடினம் என்பதற்காக மட்டும் ஆப் சிவப்பு அடித்திருக்கிறது. இரண்டையும் தொடாதீர்கள்.

17-தான் விஷயம். வாளையார் சார் சொல்வதை நான் ஏற்கவில்லை. குத்துமதிப்பு என்றால் நான்கு விடைக்கும் ஏறக்குறைய 12, 12 என்று பிரிந்திருக்கும். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எந்த விடையை எத்தனை பேர் போட்டார்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை இங்கே எழுதுங்கள். கேள்வியையும் அப்படியே எழுதுங்கள், ஒரு சொல்கூட மாற்றாமல்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

நன்றி மாஷ். கட்டம் கிடைத்தது.

17. ஒரு பொருளை நிலவுக்குக் கொண்டுபோனால் அதன் நிறை என்னவாகும்?
அ) ஆறில் ஒரு பங்காகும்: 10 பேர் (மேல் 1, கீழ் 5)
ஆ) மாறாது: 29 பேர் (மேல் 12, கீழ் 4)
இ) ஆறு மடங்காகும்: 6 பேர் (மேல் 0, கீழ் 3)
ஈ) சுழியாகும்: 3 பேர் (மேல் 0, கீழ் 1)

கீயில் (விடைக்குறிப்பில்) இருக்கும் விடை அ. அதைத்தான் நானும் ஸ்கேனுக்குக் கொடுத்தேன்.

நகரி அக்கா:

டீச்சர், உங்கள் மேல் வரிசையில் 13 பேரில் 12 பேர் 'மாறாது' என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. நிறை எங்கே போனாலும் மாறாது. நிலவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62, பூமியில் 9.8, அதனால் ஆறில் ஒரு பங்காவது எடை. கேள்வியில் 'எடை' என்று இருந்தால் உங்கள் கீ சரி. 'நிறை' என்று இருப்பதால் கீ தவறு. பாகுபாடு மைனஸில் வந்தால் பிள்ளைகளைக் கேட்பதற்கு முன்னால் கீயைப் பாருங்கள் என்று எங்கள் ஸ்கூலில் எப்போதும் சொல்வோம். எங்களுடையது ஆந்திராவின் சித்தூர் மாவட்டம், உங்களுடையது பாலக்காட்டின் சித்தூர் தாலுகா, ஆனால் இந்த வில்லங்கம் இரண்டு சித்தூரிலும் ஒன்றுதான். எங்களுக்குத் தெலுங்கிலிருந்து கேள்வி வரும். உங்களுக்கு மலையாளத்திலிருந்து வந்ததா?

மறையூர் மாஷ்:

அக்கா கேட்டதையே நானும் கேட்கிறேன். மலையாளம் டிவிஷனும் இதே டெஸ்டை எழுதியிருந்தால் அவர்களுடைய ரிப்போர்ட்டில் 17-ஐப் பாருங்கள். அந்த ஒரு வரி போதும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

பார்த்தேன். மலையாளம் டிவிஷனில் 52 பேர். கேள்வி 17: கடினத்தன்மை 0.69, பாகுபாடு 0.43. நல்ல கேள்வி என்று பச்சையில் காட்டுகிறது.

மூலத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். மலையாளத்தில் 'பாரம்' என்று இருக்கிறது. தமிழாக்கம் செய்தது நான்தான். டெஸ்டுக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து 30 கேள்வியையும் தமிழில் எழுதினேன். பாரம் என்பதற்கு நிறை என்று கை எழுதிவிட்டது. வகுப்பில் இரண்டு நாள் நின்று நிறை வேறு, எடை வேறு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் அதை ஒழுங்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

திரும்ப வாங்கி வைத்த கேள்வித்தாள்களை இன்று புரட்டினேன். ஒரு பெண் 'நிறை' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அவளுடைய ஓ.எம்.ஆர். தாளில் அ வட்டத்தைக் கறுத்து, அப்புறம் அழித்திருக்கிறாள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து பஞ்சு போல எழும்பி நிற்கிறது. பிறகு ஆ-வை அழுத்திக் கறுத்திருக்கிறாள். அவளுக்கு அந்த மார்க்கைத்தான் நான் இல்லையென்று ஆக்கியிருந்தேன்.

நகரி அக்கா:

மனசை விட்டுவிடாதீர்கள் டீச்சர். இந்தச் சொல் யாரையும் வழுக்கிவிடும். மலையாளத்தில் பிண்டம் என்றால் நிறை, பாரம் என்றால் எடை. பிண்டத்தை யாரும் அப்படியே தமிழில் எழுத மாட்டோம், நமக்கு அது திதியில் வைக்கிற சோற்று உருண்டை. அதனால் அங்கே நின்று யோசிப்போம். பாரம் அப்படியில்லை, நம் பேச்சிலும் இருக்கிற சொல். அதனால் நிற்காமல் தாண்டிப் போகிறோம். போதாததற்குக் கடையில் நிறுத்துத் தருவதை நிறை என்று சொல்கிற வழக்கமும் தமிழில் இருக்கிறது. பாட அறிவியலில்தான் அந்தச் சொல்லை எடையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறோம்.

வாளையார்க்காரன்:

நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், டீச்சர். 29 பேர் ஒரே விடைக்குப் போயிருப்பது குத்துமதிப்பாக இருக்க முடியாது. அப்போது 17-ஐ நீக்கிவிடலாமா, இல்லை அ, ஆ இரண்டுக்கும் மார்க் கொடுக்கலாமா?

மறையூர் மாஷ்:

நீக்கினால் சரியாகப் படித்து சரியாகப் போட்ட 29 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டுக்கும் கொடுத்தால், நிறை ஆறில் ஒன்றாகும் என்று எழுதியதும் சரியென்று ஆகிவிடும். பிள்ளைகள் கையில் இருந்தது தமிழ்க் கேள்வி. அதற்கு விடை ஆ மட்டும்தான். ஆப்பில் தமிழ் டிவிஷனுக்கு மட்டும் கீயை மாற்றி மறுபடி ஓட்டுங்கள், தாள்களைத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. மலையாளம் டிவிஷனுக்கு அ அப்படியே இருக்கட்டும்.

அந்த 15 மார்க் கோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் மார்க் எவ்வளவு தடுமாறலாம் என்று சொல்கிற திட்டப் பிழை 2.4-ஐ யாரும் படிப்பதில்லை. மார்க்குகள் எவ்வளவு விரிந்து நிற்கின்றன என்று காட்டுகிற திட்ட விலக்கம் 4.6-ஐ, ஒன்றிலிருந்து கே.ஆர்.20-ஐக் கழித்து வருகிற 0.27-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 2.4 வருகிறது. ஒரு பையன் 14 வாங்கியிருந்தால், அவனுடைய உண்மையான நிலை 11.6-க்கும் 16.4-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கலாம், அதுவும் மூன்றில் இரண்டு பங்கு நிச்சயத்தோடுதான். 14 வாங்கியவனையும் 15 வாங்கியவனையும் இந்த டெஸ்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி வாயால் கேளுங்கள்.

கே.ஆர்.20 என்பது குடர், ரிச்சர்ட்சன் என்ற இருவர் 1937-இல் எழுதிய கட்டுரையில் வருகிற இருபதாவது சூத்திரம். டெஸ்டின் நம்பகத்தன்மையைச் சொல்கிற எண் அது, 30 கேள்விகளும் ஒரே திசையில் இழுக்கின்றனவா என்று பார்க்கிறது. வகுப்பு டெஸ்டுக்கு 0.7-ஐத் தாண்டினால் தாராளம். 0.73 மஞ்சளில் வந்ததற்காகக் கவலைப்படாதீர்கள். ஆனால் கேள்விகள் பாடத்தைச் சரியாகக் கேட்கின்றனவா என்பதை அந்த எண் சொல்லாது. 17 உள்ளே இருக்கும்போதே 0.73 வந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

மறுபடி ஓட்டினேன். சராசரி 19.0. திட்ட விலக்கம் 4.9. கே.ஆர்.20 0.76 ஆகிவிட்டது. 17-ஆம் கேள்வி இப்போது 0.60, பாகுபாடு 0.69, பச்சை (மார்க் மாறியதில் மேல், கீழ் வரிசைகளிலும் ஆள் மாறியிருக்கிறது). திட்டப் பிழை மட்டும் அதே 2.4. நம்பகத்தன்மை கூடியும் அது ஏன் குறையவில்லை?

மறையூர் மாஷ்:

மார்க்குகள் முன்பைவிட விரிந்து நிற்கின்றன. 4.6 இருந்தது 4.9 ஆயிற்று. ஒரு பக்கம் விலக்கம் கூடிற்று, இன்னொரு பக்கம் வர்க்கமூலம் குறைந்தது, பெருக்கினால் அதே 2.4. பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிற தூரம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பிள்ளையின் மார்க்கில் இருக்கிற தடுமாற்றம் 30 கேள்விக்கு அவ்வளவுதான். அதைக் குறைக்க இன்னும் கேள்விகள் வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

புரிந்தது மாஷ். 14-இல் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் 15-க்கு ஏறிவிட்டார்கள். 15-இல் இருந்த ஒரு பையன் அ போட்டிருந்தான், அவன் 14-க்கு இறங்கிவிட்டான். என் சொல் தவறியதால் இறங்கினானா, தெரியாமல் இறங்கினானா என்று எனக்கே தீர வேண்டும். இன்று இன்டர்வலில் அவனைக் கூப்பிட்டு, லேபிலிருந்த வில்தராசில் ஒரு இரும்புத் துண்டைத் தொங்கவிட்டுக் கையில் கொடுத்து, இதை நிலவுக்குக் கொண்டுபோனால் முள் எங்கே நிற்கும் என்று கேட்டேன். ஆறில் ஒன்றுக்கு இறங்கும் என்றான். அப்போது கொக்கியில் தொங்குகிற இரும்பு குறைந்துவிட்டதா என்றேன். கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். இரும்பு அதே இரும்புதானே டீச்சர், இழுக்கிறதுதான் குறைவு என்றான். மாலை வகுப்புப் பட்டியலில் அவன் பெயரை எழுதவில்லை.

மலையாளத்திலிருந்து வந்த அடுத்த டெஸ்ட் மேஜையில் இருக்கிறது. தமிழாக்கத்தை இங்கே போட்டால் டெஸ்டுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துச் சொல்வீர்களா?

நகரி அக்கா:

போடுங்கள் டீச்சர். கீயைப் போடாமல் கேள்வியை மட்டும் போடுங்கள். நாங்களே விடை எழுதிப் பார்க்கிறோம், எங்கள் விடையும் உங்கள் கீயும் எங்கே ஒத்துவரவில்லையோ அந்தக் கேள்விகளை மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.