கேட்டரிங் காலேஜில் சேர்வதற்கு முன் அடுப்பை எண்ணிப் பாருங்கள்

கரண்டிக்காரன்:
பிளஸ் டூ முடித்த தம்பிகள் பலர் "செஃப் ஆகணும், எங்கே சேரலாம்?" என்று கேட்கிறார்கள். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். நோட்டீஸில் ஆளுயரத் தொப்பி, நூறு சதவீத வேலை உத்தரவாதம். சேரப் போன அன்று அப்பாவுக்கும் எனக்கும் ஏ.சி. அறையில் காபி கொடுத்தார்கள். கிச்சனைப் பார்க்கலாமா என்றதற்கு, "சாவி வைத்திருப்பவர் லீவு" என்றார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நாற்பது பேருக்கு ஆறு பர்னர். சார் செய்து காட்டுவார், நாங்கள் எட்டிப் பார்ப்போம். முட்டை மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் சேர்த்து அடிக்கிற ஹாலண்டேஸ் சாஸை மூன்று வருடத்தில் நான் அடித்தது ஒரே தடவை. அதுவும் திரிந்துபோனது. ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த குரூப் வந்துவிட்டது.

அப்புறம் ஓட்டலுக்கு டிரெய்னிங் போனேன். முதல் நாளே செஃப் ஒரு கேரட்டைக் கொடுத்து "புருன்வாஸ்" என்றார். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சதுரமாக நறுக்க வேண்டும். நான் நறுக்கியதை விரலால் தள்ளித் தள்ளி மூன்று குவியலாகப் பிரித்தார். "இது சாம்பாருக்கு, இது பொரியலுக்கு, இது மாட்டுக்கு." அதற்குப் பிறகு மூன்று வாரம் வெங்காயம்தான் உரித்தேன். ஆனால் அங்கேதான் ஒரு கமி-2 (இளநிலை சமையல்காரர்) அண்ணன் அந்த சாஸின் ரகசியத்தைச் சொன்னார்: சாஸ் கிண்ணத்துக்குக் கீழே சூடாகும் தண்ணீர் கொதிக்கக் கூடாது, வெண்ணெயை அவசரப்பட்டு ஊற்றக் கூடாது. சொல்லிக்கொடுக்க அவருக்கு ஆனது இரண்டே நிமிடம்!

பட்டர்பீன்ஸ்:
என் கதை வேறு. நுழைவுத் தேர்வு எழுதி அரசு ஐ.எச்.எம். (ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி) ஒன்றில் சேர்ந்தேன். கிச்சன் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த மூன்று வருட பி.எஸ்சி. என்பது ஓட்டல் நிர்வாகப் படிப்பு. சமையல் அதில் ஒரு பங்குதான். சமைக்க வந்தவள் கட்டிலுக்கு விரிப்பு போடவும், ஃபிரண்ட் ஆபீஸ் (வரவேற்பு) கணக்கு எழுதவும் கற்றுக்கொண்டேன். அதில் தப்பில்லை, முன்பே தெரிந்திருக்கலாம். அடுப்படிதான் வேண்டும் என்றால், ஐ.எச்.எம்.களில் ஒன்றரை வருட ஃபுட் புரொடக்‌ஷன் கிராஃப்ட் கோர்ஸ் இருக்கிறது. ஹைதராபாத் கலினரி அகாடமியில் பட்டப்படிப்பே சமையல்தான். திருப்பதியில் சுற்றுலா அமைச்சகத்தின் கலினரி இன்ஸ்டிட்யூட்டும் உண்டு.

கரண்டிக்காரன்:
சரியாகச் சொன்னீர்கள். எங்கே படித்தாலும் பெரும்பாலும் அடிமட்டமான கமி-3ஆகத்தான் ஓட்டல் கிச்சனுக்குள் விடுவார்கள். கடன் வாங்கிப் படிப்பவர்கள் அந்தச் சம்பளத்தை விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு_அம்மா:
நாளைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு காலேஜுக்குப் போகிறேன் தம்பி. என்ன கேட்கட்டும்?

கரண்டிக்காரன்:
வகுப்பு நடக்கிற நேரத்தில் போங்கள் அம்மா. ஒரு அடுப்புக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்றாம் வருடப் பையன் ஒருவனைத் தனியாகப் பிடித்து, "போன வாரம் நீயே என்ன சமைத்தாய்?" என்று கேளுங்கள். திரும்பும்போது பின்பக்கம் குப்பைத்தொட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். காய்கறித் தோலும் முட்டை ஓடும் கிடக்க வேண்டும். எங்கள் காலேஜ் தொட்டியில் டீ கப்தான் கிடக்கும்.