1 டெராபாஸ்கலை "அளந்தார்கள்" என்று சொல்லலாமா?

நிலநடு:
நண்பர்களே, 2016-இல் வைரப் பட்டடைக் கலத்துக்குள் (இரண்டு வைர முனைகளுக்கு நடுவே மாதிரியை நசுக்கும் கருவி) 1 டெராபாஸ்கல், அதாவது 1000 ஜிகாபாஸ்கல், அழுத்தத்தை உண்டாக்கி அளந்தும் காட்டிவிட்டார்கள். பூமியின் மையத்தில் இருப்பதே சுமார் 364 ஜிகாபாஸ்கல்தான். அதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இரண்டு வைர முனைகளுக்கு நடுவே நானோபடிக வைரத்தாலான குட்டிக் கோளங்களை இரண்டாம் அடுக்காக வைத்து நசுக்கியிருக்கிறார்கள். கோளத்தின் குறுக்களவு 10 முதல் 20 மைக்ரான். நிலை அழுத்தத்தில் (கணத்தில் மறையாமல் நிலைத்து நிற்கும் அழுத்தம்) இனி எட்டாத உயரம் என்று ஒன்றும் இல்லை.

திருகாணி:
உண்டாக்கினார்கள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "அளந்தும் காட்டிவிட்டார்கள்" என்பதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அங்கே யாரும் அழுத்தத்தை அளக்கவில்லை. எக்ஸ்-கதிரைச் செலுத்தி, உள்ளே இருந்த உலோகத்தின் படிக அணு இடைவெளியை அளந்தார்கள். அதிலிருந்து கன அளவு. அந்தக் கன அளவை ஒரு நிலைச் சமன்பாட்டில் (பொருளின் கன அளவையும் அழுத்தத்தையும் இணைக்கும் சூத்திரம்) போட்டு அழுத்தம். அந்தச் சமன்பாட்டை அந்த உயரத்தில் யார் சரிபார்த்தது?

நிலநடு:
காய்ச்சல் பார்க்கும்போது பாதரசத்தின் நீளத்தைத்தானே பார்க்கிறோம்? அதனால் வெப்பநிலையை அளக்கவில்லை என்று சொல்வீர்களா? எல்லா அளவீடும் வேறொன்றின் வழியாகத்தான் வரும். இது பள்ளிப் பாடம்.

திருகாணி:
பள்ளிப் பாடத்தை எனக்கு நடத்த வேண்டாம். வெப்பமானியில் குறி போட்ட எல்லைக்குள் நின்று படிக்கிறோம். இங்கே குறி முடிந்த இடத்துக்கு வெகு மேலே நின்றுகொண்டு, கோடு இப்படித்தான் போகும் என்று நீட்டிப் படித்திருக்கிறார்கள். விசையைப் பரப்பால் வகுத்து நேராகப் பெறும் அழுத்தம் பிஸ்டன் கருவியில் சில ஜிகாபாஸ்கலோடு முடிந்துவிடும். பிஸ்மத் உலோகத்தின் படிக அமைப்பு 2.55 ஜிகாபாஸ்கலில் மாறுகிறது என்பதை அப்படிப் பிடித்தார்கள். அதற்கு மேலே எல்லாமே ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் அளவுகோல்கள்.

நான் ஐந்து வருடம் கலம் ஏற்றியவன். ரீனியத் தகட்டை முனைகளுக்கு நடுவே அழுத்திப் பள்ளமாக்கி, பள்ளத்தின் நடுவில் துளை போட்டு, மாதிரியோடு இரண்டு மாணிக்கத் துணுக்குகளை ஊசி முனையால் உள்ளே வைப்போம். லேசர் பட்டால் மாணிக்கம் ஒளிரும்; அழுத்தம் ஏற ஏற அந்த ஒளிர்வின் அலைநீளம் நகரும், அதை வைத்து அழுத்தம் சொல்வோம். ஒரு முறை, அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தும் ஊடகமாக மெத்தனால்-எத்தனால் கலவை. 10 ஜிகாபாஸ்கல் வரை இரண்டு துணுக்கும் ஒரே எண்ணைச் சொல்லின. அதைத் தாண்டிக் கலவை கண்ணாடி போல் இறுகியதும், தனித்தனியாக நின்ற ஆர்1, ஆர்2 என்ற மாணிக்க ஒளிர்வுக் கோடுகள் அகன்று ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. அன்று கடைசியாக எடுத்த நிறமாலையில் நடுத் துணுக்கு 25 என்றது, ஓரத் துணுக்கு 22 என்றது. துளையே 100 மைக்ரான்தான்! 25-லேயே இந்தக் கதி என்றால், சில மைக்ரான் மாதிரியில் 1000 என்று ஒற்றை எண்ணை எப்படி எழுதுவது?

மணல்வீடு:
முதலில் "அளவீடு" என்பதற்கு ஒரு வரையறை வைத்துக்கொண்டு பேசலாமே?

நிலநடு:
திருகாணி, உங்கள் கலவை உறைந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஹீலியமோ நியானோ ஏற்றியிருந்தால் இந்தச் சிக்கலே பெரிதாக வந்திருக்காது. டெராபாஸ்கலில் மாணிக்கத்தை யாரும் பயன்படுத்துவதும் இல்லை. 100 ஜிகாபாஸ்கலைத் தாண்டினாலே அதன் ஒளிர்வு மங்க ஆரம்பித்துவிடும். சம்பந்தமில்லாத உதாரணம்.

திருகாணி:
சம்பந்தம் இருக்கிறது. மாணிக்கம் 1972-இலிருந்து கையில் இருக்கிறது, உலகமே நம்பும் அளவுகோல் அது. ஆர்1 கோடு சாதாரண நிலையில் 694.25 நானோமீட்டரில் இருக்கும். அது 735.85-க்கு நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். 1986 சமன்பாட்டில் போட்டால் சுமார் 140 ஜிகாபாஸ்கல். 2020-இல் எல்லோரும் ஒப்புக்கொண்ட சமன்பாட்டில் போட்டால் சுமார் 150. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடு நகரவில்லை, மாதிரி மாறவில்லை, அழுத்தம் மட்டும் 10 ஜிகாபாஸ்கல் ஏறிவிட்டது. அளந்த எண் இப்படி ஏறுமா? அளந்தது 735.85 மட்டுமே. மற்றது கணக்கு.

செம்பொறி:
இருவருமே அடிப்படையை விட்டுவிட்டீர்கள். அந்த மாணிக்க அளவுகோல் எங்கிருந்து வந்தது? 1978-இல் செம்பு, வெள்ளி, மாலிப்டினம், பல்லாடியம் ஆகியவற்றின் அதிர்வலைத் தரவுகளை (பொருளை ஒரே அடியில் தாக்கி அலை பாய்ச்சி எடுப்பவை) வைத்துத்தான் அதற்குக் குறி போட்டார்கள். அதிர்வலையில் மட்டும்தான் உண்மையான அளவீடு இருக்கிறது. தொடக்க அடர்த்தி, அலையின் வேகம், அலைக்குப் பின்னால் பொருள் நகரும் வேகம், மூன்றையும் பெருக்கினால் அழுத்தம். உந்த அழிவின்மையைத் தவிர வேறு எதையும் நம்பத் தேவையில்லை. வைரக்காரர்கள் எங்கள் கணக்கில் கடன் வாங்கிவிட்டு எங்களையே மதிப்பதில்லை.

திருகாணி:
வந்துவிட்டீர்களா! போன மாதம் உருகுநிலை இழையிலும் இதையேதான் சொன்னீர்கள். அதிர்வலை அடிக்கும்போது பொருள் பல்லாயிரம் கெல்வினுக்குச் சூடாகிவிடும். அதை அறை வெப்பநிலைக்கு இறக்க மறுபடியும் ஒரு மாதிரிக் கணக்கு வேண்டும். அந்தத் திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டீர்கள்.

செம்பொறி:
உருகுநிலை இழையில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனது நீங்கள். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது. சூடு பற்றிச் சொல்கிறீர்கள். அதற்காகத்தான் அதிர்வில்லாமல் படிப்படியாக ஏற்றும் முறை வந்தது. 2014-இல் அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி லேசர் கூடத்தில் வைரத்தையே 5 டெராபாஸ்கல் வரை அழுத்தினார்கள். 2021-இல் தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும் 1 டெராபாஸ்கல் வரை அளவுகோல் போட்டுக் கொடுத்தார்கள்.

நிலநடு:
பார்த்தீர்களா? 1 டெராபாஸ்கல் வரை குறி போட்டாகிவிட்டது. திருகாணியின் வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

திருகாணி:
தேதியைப் பாருங்கள். குறி போட்டது 2021. உங்கள் சோதனை 2016. குறி போடாத வெப்பமானியில் காய்ச்சல் பார்த்துவிட்டு, ஐந்து வருடம் கழித்து வந்த குறியைக் காட்டி அன்றைக்கே அளந்தோம் என்கிறீர்கள். அந்த 2021 அளவுகோலிலும் நேரடியாகக் கிடைப்பது மேற்பரப்பின் வேகம் மட்டும்தான். அங்கே அழுத்துவது ஒரே திசையில். பொருளின் வலிமைக்கு ஒரு திருத்தம், சூட்டுக்கு ஒரு திருத்தம். எல்லாம் நானோநொடிகளில் முடிந்துவிடும், மாதிரி மிஞ்சாது.

நான் அந்த உழைப்பைக் குறை சொல்லவில்லை. அந்தக் குட்டிக் கோளத்தை நேர்கோட்டில் நிறுத்த எத்தனை வைரம் போயிருக்கும் என்று கலம் ஏற்றியவனுக்குத் தெரியும். வைரம் உடையும்போது மெல்லிதாக ஒரு "டிக்" கேட்கும், அவ்வளவுதான், மூன்று வார வேலை போய்விடும். அதனால்தான் கோபம் வருகிறது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த கன அளவை மூடிவைத்துவிட்டு, ஆட்டம் காணும் அழுத்த எண்ணைத் தலைப்பில் போடுகிறீர்கள்.

அரைமைக்ரான்:
"அழுத்தம்" என்று எழுதுவதே தவறு. பிரஷருக்கு "அமுக்கம்" என்பதுதான் சரியான சொல். அழுத்தம் என்றால் பேச்சில் கொடுக்கும் அழுத்தமும்தான்.

செம்பொறி:
இரத்த அழுத்தத்தை இனி இரத்த அமுக்கம் என்று எழுதச் சொல்வீர்களோ?

அரைமைக்ரான்:
ஆமாம், அப்படியே எழுதுகிறோம். எங்கள் பாடநூலில் அப்படித்தான் படித்தோம். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் அது சொல்லின் குற்றமில்லை. அப்புறம், "பட்டடைக் கலம்" என்று எந்த ஆய்வகத்தில் சொல்கிறார்கள்? எல்லோரும் ஆன்வில் செல் என்றுதான் சொல்கிறார்கள்.

திருகாணி:
நான் சொல்கிறேன். கொல்லன் பட்டடையைப் பார்த்தவனுக்கு அந்தச் சொல் உடனே விளங்கும். இதை வேறு இழையில் பேசுங்கள், இங்கே பேச்சு "அளந்தார்கள்" என்ற சொல்லைப் பற்றி.

நிலநடு:
அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் தொங்குவீர்கள்? 2018-இல் டோராய்டல் (வளையப் பள்ளம் கொண்ட) முனை செதுக்கி இரண்டு குழுக்கள் தனித்தனியாக 600 ஜிகாபாஸ்கலை எட்டின. அதுவும் கணக்குதானா?

திருகாணி:
அதுவும் கணக்குதான். ஆனால் எந்தச் சமன்பாட்டை வைத்து என்று சொல்லாமல் 600 என்று எழுதக்கூடாது. ரீனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் ஹீலிய ஊடகத்தில் பொறுமையாக எடுத்த சமன்பாடு 144 ஜிகாபாஸ்கலில் நின்றுவிடுகிறது. அதை 600 வரை நீட்டுகிறவர் ஒரு எண் சொல்வார், வேறு சமன்பாட்டை எடுத்தவர் வேறு எண் சொல்வார்.

இது இன்றைய வியாதியும் இல்லை. உயர் அழுத்த ஆய்வாளர் ட்ரிக்கமர் தன் மின்தடைக் கலத்தின் அளவுகோல் மிகையாக இருந்ததென்று 1970-இல் தானே திருத்தி வெளியிட்டார். அவர் பெயர் கெட்டுப்போகவில்லை. ஹைட்ரஜனை உலோகமாக்கிவிட்டோம் என்ற 2017 அறிவிப்பை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 495 ஜிகாபாஸ்கல் என்றார்கள். நடுவில் உள்ள எண்களைக் கலத்தை இறுக்கும் திருகின் சுற்றைக் கொண்டு மதிப்பிட்டு, கடைசியில் மட்டும் வைரத்தின் ராமன் கோட்டை (வைரத்தில் சிதறும் லேசர் ஒளியில் தெரியும், அழுத்தத்தோடு நகரும் கோடு) பார்த்தார்கள். மற்றக் குழுக்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிப்ரவரியில் வைரம் உடைந்து மாதிரி போய்விட்டது. என் பெயரே திருகாணி. சுற்றை எண்ணி அழுத்தம் சொல்வதன் ஆபத்து எனக்குத் தெரியாதா?

நிலநடு:
டெராபாஸ்கலில் தொடங்கி ஹைட்ரஜனுக்குப் போய்விட்டீர்கள். அந்தச் சோதனையில் எக்ஸ்-கதிர் இல்லை, இதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

செம்பொறி:
திருத்தங்கள் எல்லாம் சேர்ந்தும் அதிர்வலைக் கணக்கின் பிழை சில சதவீதம்தான். வைரக் கலத்தில் ஓரத்துக்கும் நடுவுக்குமே அதைவிட அதிக வேறுபாடு. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

திருகாணி:
உருகுநிலை இழைக்கு வாருங்கள், அங்கே சொல்கிறேன். நிலநடு, நீங்கள் இன்னும் தலைப்பை மாற்றவில்லை. "அளந்தார்கள்" என்பதை எடுத்துவிட்டு, எந்த உலோகம், எவ்வளவு கன அளவு, எந்தச் சமன்பாடு என்று மூன்றையும் போடுங்கள். எண் அதற்குப் பிறகு வரட்டும்.

நிலநடு:
தலைப்பை மாற்றப் போவதில்லை. அளந்தார்கள். அவ்வளவுதான்.

திருகாணி:
அளக்கவில்லை. 735.85-ஐ இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தீர்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அரைமைக்ரான்:
அமுக்கத்துக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.